மலைநாட்டுப் பேறும் பிறநாட்டுப் பேறும்

மகப்பேற்றைப் பற்றி மாணவர்களிடம் பேசத்தான் வேண்டுமா என்று பெரியவர்கள் சிலர் கேட்கக்கூடும். பிறந்தவர் அனைவருக்கும் உரிய பொருள் இது. அன்றியும், இன்று பள்ளியிலும் கல்லூரியிலும் பயிலும் நீங்களே இன்னும் சில ஆண்டுகளில் தாயாகவும் தந்தையாகவும், தாதியாகவும் மருத்துவராகவும், சாலை போடும் பொறியாளராகவும் ஆகப்போகிறீர்கள். சாலைப் பொறியாளருக்கும் பிரசவத்துக்கும் என்ன தொடர்பு என்று வியக்க வேண்டாம். தொடர்பு மிக நெருக்கமானது. அதை விளக்குவதற்கு ஜவ்வாது மலையைக் காட்டிலும் ஏற்ற இடம் நம் நாட்டில் எளிதில் கிடைக்காது.

கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த ஜவ்வாது மலை, பழைய வட ஆர்க்காட்டுச் சீமையின் நடுவே எழுந்து நிற்பது. இன்று அது திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என்னும் மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. செய்யாறு பிறப்பது இங்கேதான். சாமையும் புளியும் தேனும் பலாவும் இம்மலையின் செல்வங்கள். இங்கு வாழும் பழங்குடியினருக்கு மலையாளிகள் என்று பெயர். பெயரைக் கேட்டுக் கேரள நாட்டை நினைத்துவிடக் கூடாது. மலையில் வாழ்வோர் என்பதே பொருள். அவர்கள் பேசுவது தமிழ். தம் முன்னோர் காஞ்சிபுரத்துப் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்று அவர்கள் வழிவழியாகச் சொல்லிவருகின்றனர். இம்மலையிலுள்ள காவலூரில் 2.34 மீட்டர் விட்டமுள்ள ஆடியைக் கொண்ட தொலைநோக்கி ஒன்று 1986 முதல் இயங்கி வருகிறது. எண்ணுதற்கரிய தொலைவிலிருந்து வரும் விண்மீன் ஒளி அங்கே வந்து சேர்ந்துவிடுகிறது. அதே மலையின் உட்புறத்துச் சிற்றூரிலிருந்து நான்கைந்து கிலோமீட்டர் தொலைவிலுள்ள தார்ச்சாலைக்கு ஒரு கர்ப்பிணியைக் கொண்டுவந்து சேர்ப்பதோ நெடுங்காலமாகப் பெரும்பாடாக இருந்திருக்கிறது.

நள்ளிரவில் ஒரு பெண்ணுக்கு இடுப்புவலி கண்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பாதை இல்லாத ஊரானால், மூங்கில் கழியில் போர்வையைத் தொட்டில்போல் கட்டி, அதில் அவளைக் கிடத்தி, ஆடவர் முன்னும் பின்னும் தோள்கொடுக்க, மற்றவர் விளக்குப் பிடித்துக்கொண்டு உடன் நடக்க, சாலைவரை தூக்கிவருவார்கள். இதற்கு டோலி என்று பெயர். சாலைகள் பல இடங்களுக்கு வந்துவிட்ட இந்நாளிலும் தமிழ்நாட்டு மலைகளிலிருந்து டோலி முற்றிலும் மறைந்துவிடவில்லை. அந்நேரத்தில் ஹாலந்து நாட்டில் மாலைப்பொழுது. அங்கே ஒருத்தி தன் வீட்டுக் கட்டிலிலேயே பிள்ளை பெறுகிறாள். பயிற்சி பெற்ற மருத்துவச்சி அருகில் இருக்கிறாள். ஜப்பானில் ஒருத்தி கணவன் வீட்டை விட்டுத் தாய்வீடு வந்து அங்கிருந்து மருத்துவமனைக்குப் புறப்படுகிறாள். கனடாவின் வடகோடியில், ஹட்சன் விரிகுடாக் கரையில், பனிவெளிக்கு நடுவேயுள்ள சிறு ஊரில் இன்னொருத்தி வலியோடு உலாவுகிறாள்.

நால்வருக்கும் உடம்பு ஒன்று, வலியும் ஒன்று. வேறுபடுபவை இரண்டு. உதவி எத்தனை நாழிகைத் தொலைவில் இருக்கிறது என்பது ஒன்று. பக்கத்தில் இருப்பவர் யார் என்பது மற்றொன்று. நாடுகள் மகப்பேற்றில் வேறுபடுவதெல்லாம் பெரும்பாலும் இவ்விரண்டில்தான் என்பது என் கருத்து. ஒன்றைக் கொடுத்து மற்றொன்றைப் பறித்துக்கொண்ட நாடுகளும் உண்டு. அவற்றின் கதையையும் சொல்லுகிறேன்.

முதலில், மனிதப் பெண்ணுக்குத் துணை ஏன் வேண்டும் என்பதைப் பார்ப்போம். குரங்கு தனியே ஒதுங்கிக் குட்டி போட்டுவிடுகிறது. நமக்கு அது அரிது. நம் முன்னோர் இரண்டு கால்களில் நிமிர்ந்து நடக்கத் தொடங்கியபோது இடுப்பெலும்பின் அமைப்பு மாறிற்று. பின்னர் மூளை பெருத்தது. குழந்தையின் தலையும் உடன் பெருத்தது. ஒடுக்கமான வழியில் பெரிய தலை வரவேண்டுமானால், குழந்தை திருகாணியைப்போலத் திரும்பித் திரும்பித்தான் இறங்கவேண்டும். அவ்வாறு வெளிவரும்போது அதன் முகம் பெரும்பாலும் தாயின் முதுகுப்புறம் நோக்கியிருக்கும். தாயே குனிந்து கைநீட்டி இழுத்தால் குழந்தையின் கழுத்து பின்புறமாக வளைந்து ஊறு நேரலாம். ஆகவே இன்னொருவர் கை தேவைப்படுகிறது. அமெரிக்க மானிடவியல் அறிஞர்களான கேரன் ரோசன்பர்க், வெண்டா ட்ரெவாதன் ஆகிய இருவரும் இதை விரிவாக ஆராய்ந்து, பேறு பார்க்கும் வழக்கம் மனித இனத்தின் மிகப் பழைய வழக்கங்களில் ஒன்றாக இருக்கவேண்டும் என்று காட்டியிருக்கின்றனர். உலகில் எந்த மூலைக்குப் போனாலும் மருத்துவச்சிக்கு ஒரு பெயர் இருப்பதன் காரணம் இதுவாகலாம்.

குழந்தை பிறந்தவுடன் கண்டம் கழிந்தது என்று நாம் எண்ணுகிறோம். தாய்க்கு அதன்பிறகுதான் பெரிய கண்டம். நிறைமாதத்தில் கருப்பைக்குள் நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேலான குருதி பாய்கிறது. நஞ்சு கழன்று விழுந்ததும், அது ஒட்டியிருந்த இடத்துக் குழாய்களின் வாய்கள் திறந்து நிற்கும். கருப்பைத் தசை கல்போல் இறுகினால் அந்தக் குழாய்கள் நெரிபட்டு அடைபடும். இறுகாவிட்டால் குருதி பெருகும். கவனிப்பாரில்லையேல் நல்ல உடல்நலமுள்ள பெண்ணும் இரண்டு மணி நேரத்துக்குள் இறந்துவிட நேரும். இரத்தசோகை உள்ளவள் அதுவரையும் தாங்கமாட்டாள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர்கள் என்று 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வு கண்டது.

இதற்கு மருந்து இல்லாமலில்லை. ஆக்ஸிடோசின் என்னும் ஊசிமருந்து கருப்பையை இறுகச் செய்கிறது. ஆனால் அதைக் குளிர்பெட்டியில் வைத்துக் காக்கவேண்டும். குளிர்பெட்டிக்கு மின்சாரம் வேண்டும். மலையூரில் மின்கம்பம் நடுவதும் பிரசவ உதவிதான் என்பது இப்போது விளங்கும். 2023ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி இன்னும் எளிய ஒன்றைக் கற்பித்தது. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பேறுகளை வைத்து அது நடத்தப்பட்டது. தாய்க்கு அடியில் அளவுக்கோடுகள் போட்ட ஒரு பிளாஸ்டிக் விரிப்பை இட்டு, வடியும் குருதியை அளந்து பார்த்து, கோட்டைத் தாண்டியவுடன் எல்லாச் சிகிச்சையையும் ஒருசேரத் தொடங்கினார்கள். கடுமையான குருதிப்போக்கும் அதனால் விளையும் கேடுகளும் நூற்றுக்கு 60 பங்கு குறைந்தன. அதுவரை தாதிகள் குருதியின் அளவைக் கண்ணால் மதிப்பிட்டு வந்தார்கள். கண் எப்போதும் குறைத்தே மதிப்பிடுகிறது.

ஆக, பேறு என்பது கடிகாரத்தோடு நடக்கும் போட்டி. 1994ஆம் ஆண்டில் செரீன் தாடியஸ், டெபரா மெய்ன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் இதற்கு ஒரு கணக்கு வகுத்தார்கள். தாய்மார் இறப்பது மூன்று தாமதங்களால் என்பது அவர்கள் கருத்து. உதவி தேடுவோம் என்று முடிவு செய்வதில் ஏற்படுவது முதல் தாமதம். புறப்பட்டபின் போய்ச் சேர்வதில் உண்டாவது இரண்டாம் தாமதம். போய்ச் சேர்ந்த இடத்தில் தக்க சிகிச்சை கிடைப்பதில் நேர்வது மூன்றாம் தாமதம். எந்த நாட்டின் கதையை எடுத்தாலும் இம்மூன்றில் ஒன்று அதில் ஒளிந்திருக்கும்.

இரண்டாம் தாமதத்தைப் பற்றிய கதை தமிழர்களுக்குப் புதிதன்று. திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையில் எழுந்தருளியிருக்கும் தாயுமானவரின் தலவரலாறு அதுதானே? இரத்தினாவதி என்னும் வணிகர் மகளுக்குப் பேறுகாலம் நெருங்குகிறது. தாய் புறப்பட்டு வருகிறாள். காவிரியில் வெள்ளம், கரையைக் கடக்க வழியில்லை. வலி பொறுக்காத மகள் இறைவனை வேண்ட, இறைவனே அந்தத் தாயின் வடிவில் வந்து பேறு பார்க்கிறார். வெள்ளம் வடிந்து உண்மைத் தாய் வந்தபோதுதான் செய்தி வெளிப்படுகிறது. இக்கதையில் என்னைக் கவர்வது ஒரு நுட்பம். இறைவன் நினைத்திருந்தால் வெள்ளத்தை வடியச் செய்திருக்கலாம். வைத்தியர் உருவில் வந்திருக்கலாம். தாயாக வந்தார். அந்த நேரத்தில் வேண்டியது இன்னதென்று கதையைக் கட்டியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

மூன்றாம் தாமதத்துக்கு வருவோம். தாமதம் என்று சொல்வதுகூட இங்கே பொருந்தாது. மருத்துவமனையே கொலைக்களமான கதை இது. வியன்னா நகரப் பொது மருத்துவமனையில் 1840களில் இரண்டு பிரசவப் பகுதிகள் இருந்தன. முதற்பகுதியில் மருத்துவ மாணவர்கள் பேறு பார்த்தார்கள். இரண்டாவதில் மருத்துவச்சி மாணவிகள். ஒருநாள் வருவோரை இங்கும் மறுநாள் வருவோரை அங்கும் சேர்ப்பார்கள். முதற்பகுதியில் நூற்றுக்கு ஏறக்குறைய 10 தாய்மார் காய்ச்சல் கண்டு மாண்டனர்; இரண்டாம் பகுதியில் 4க்கும் குறைவு. நகரத்து ஏழைப் பெண்களுக்கு இது தெரிந்திருந்தது. முதற்பகுதியில் சேர்க்கும் நாளில் வந்துவிட்டவர்கள் மண்டியிட்டு அழுது மன்றாடியதுண்டு. வழியில் தெருவிலேயே பெற்றுவிட்டு வந்தவர்கள்கூட முதற்பகுதியில் பெற்றவர்களைவிடக் குறைவாகவே இறந்தார்கள்!

இப்புதிரில் தலையைக் கொடுத்தவர் இக்னாஸ் செம்மல்வைஸ் என்னும் ஹங்கேரிய இளம் மருத்துவர். காற்றோட்டம், நெரிசல், உணவு, படுக்கும் நிலை என்று ஒவ்வொன்றாக ஆராய்ந்து தள்ளினார். 1847ஆம் ஆண்டு மார்ச்சில் அவர் நண்பர் யாக்கோப் கோலெட்ச்கா, பிணப் பரிசோதனையின்போது மாணவர் ஒருவரின் கத்தி பட்டுக் காயமுற்று இறந்தார். அவர் உடம்பில் கண்ட குறிகள் பிரசவக் காய்ச்சலில் மாண்ட தாய்மாரின் உடம்பில் கண்ட குறிகளாகவே இருந்தன. செம்மல்வைஸுக்குப் பளிச்சென்று விளங்கிற்று. மருத்துவ மாணவர்கள் காலையில் பிணத்தை அறுத்துவிட்டு அதே கையோடு பிரசவ அறைக்கு வருகிறார்கள். மருத்துவச்சி மாணவிகள் பிணத்தைத் தொடுவதில்லை. அவ்வாண்டு மே மாத நடுவில், குளோரின் கலந்த சுண்ண நீரில் கை கழுவாமல் எவரும் உள்ளே நுழையலாகாது என்று கட்டளையிட்டார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 ஆக இருந்த சாவு ஜூலையில் 1.2 ஆக இறங்கிற்று. மேதைகள் பலர் அவரை ஏற்கவில்லை. கனவான்களின் கையில் அழுக்கா என்று சினந்தவர்களும் உண்டு. 1865ஆம் ஆண்டில் மனநோய் விடுதியொன்றில், புண் சீழ்ப்பிடித்து, அவர் இறந்தார்.

நகரம் பெரிது, கட்டடம் பெரிது, பட்டம் பெரிது என்பதால் தாய் பிழைத்துவிடுவதில்லை. இந்நாளிலும் அப்படித்தான். அமெரிக்க ஐக்கிய நாடுகள் மருத்துவத்துக்குச் செலவிடும் பணத்துக்கு அளவில்லை. அங்கே 2023ஆம் ஆண்டில் கறுப்பினத் தாய்மாரின் இறப்பு லட்சம் பேறுகளுக்கு 50க்குச் சற்று மேல். வெள்ளையினத் தாய்மாரிடையே 15க்குச் சற்றுக் குறைவு. ஒரே நாடு, ஒரே மருந்து. வாசலில் நுழைந்த பின்னும் ஒருத்தியின் சொல் எவ்வளவு விரைவில் கேட்கப்படுகிறது என்பதில் வேற்றுமை இருக்கிறது என்றே நான் கருதுகிறேன்.

முதல் தாமதத்தின் கதையோ ஜவ்வாது மலையின் அடிவாரத்து ஊரான வேலூரோடு தொடர்புடையது. 1870ஆம் ஆண்டில் இராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர், அமெரிக்க மருத்துவப் பாதிரியார் ஒருவரின் மகள். மருத்துவம் பயிலும் எண்ணம் அவருக்கு இல்லை. திண்டிவனத்தில் தந்தையோடு தங்கியிருந்தபோது ஓரிரவு மூவர் ஒருவர்பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினர். மூவரின் மனைவியரும் பேறுகாலத் துன்பத்தில் இருந்தனர். வைத்தியரான தந்தை உடனே புறப்பட ஆயத்தமானார். அந்நிய ஆடவர் எங்கள் பெண்களைப் பார்க்கலாகாது, நீங்கள் வாருங்கள் என்று அவர்கள் அந்த இளம்பெண்ணை அழைத்தனர். அவருக்கோ வைத்தியம் தெரியாது. பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தனர். உதவி அடுத்த தெருவில்தான் இருந்தது, ஆயினும் எட்டவில்லை. ஐடா அமெரிக்கா சென்று 1899ஆம் ஆண்டில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்று, மறு ஆண்டே வேலூருக்குத் திரும்பினார். 1902-இல் மருத்துவமனை, 1918-இல் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி. அதுவே இன்றைய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. அக்கல்லூரியின் சமுதாய நலப் பிரிவு ஜவ்வாது மலையூர்களிலும் பணிசெய்து வருகிறது.

பெரிய மருத்துவமனைகள் பெருகுமுன்பே தாய்மாரைக் காத்த நாடுகள் உண்டு. சுவீடன் அவற்றுள் முதன்மையானது. 1751ஆம் ஆண்டிலேயே அந்நாட்டுச் சுகாதாரக் குழு ஒன்று, பேற்றில் இறந்த 651 பெண்களில் குறைந்தது 400 பேரை மருத்துவச்சிகள் இருந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று கணக்கிட்டுச் சொல்லிற்று. அரசு அதைக் கேட்டு மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி கொடுத்துக் கிராமங்களுக்கு அனுப்பியது. பின்லாந்து வேறொரு தந்திரம் செய்தது. 1938 முதல், குழந்தைக்கு வேண்டிய துணிமணிகளை ஓர் அட்டைப் பெட்டியில் வைத்துத் தாய்மாருக்கு அளித்தது. பெட்டியே குழந்தையின் முதல் தொட்டிலும் ஆயிற்று. 1949-இல் அது எல்லாத் தாய்மாருக்கும் விரிவுபட்டபோது, நான்காம் மாத முடிவுக்குள் மருத்துவரையோ தாய்நல நிலையத்தையோ வந்து பார்க்கவேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். பெட்டிக்காக வந்தவர்கள் பரிசோதனையையும் பெற்றுச் சென்றார்கள்.

நமக்கு அண்டை நாடான இலங்கையின் சாதனை எனக்கு இவற்றினும் பெரிதாகத் தோன்றுகிறது; அது பணக்கார நாடன்று. 1930களில் அங்கே லட்சம் பேறுகளுக்கு 2000க்கு மேற்பட்ட தாய்மார் இறந்தனர். 1926-இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கிற்று. அங்கிருந்து வளர்ந்த முறையில், சில ஆயிரம் மக்களுக்கு ஒருத்தியாகக் குடும்பநல மருத்துவச்சி அமர்த்தப்பட்டாள். அவள் வீடுவீடாகச் சென்று கர்ப்பிணிகளின் பெயரைப் பதிந்துகொள்வாள். மலேரியா ஒழிப்பும், சாலையும், பெண்கல்வியும் உடன் சேர்ந்தன. இந்நூற்றாண்டில் அத்தீவின் எண் நாற்பதைச் சுற்றியும் அதற்குக் கீழும் நிற்கிறது.

தமிழ்நாடும் பின்தங்கிவிடவில்லை. 1990களிலிருந்து இங்கே ஒவ்வொரு தாயின் மரணத்துக்கும் காரணம் விசாரித்து எழுதும் வழக்கம் ஏற்பட்டது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவும் பகலும் தாதியர் அமர்த்தப்பட்டனர். 2008-இல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. 2018-20ஆம் ஆண்டுகளின் கணக்கில், லட்சம் பேறுகளுக்குத் தாய்மார் மரணம் இந்தியா முழுவதற்கும் 97, தமிழ்நாட்டில் 54, கேரளத்தில் 19. தமிழ்நாட்டில் 2019-21ஆம் ஆண்டு ஆய்வின்படி நூற்றுக்கு 99.6 பேறுகள் மருத்துவ நிலையங்களிலேயே நடக்கின்றன. நம் பாட்டிமார் காலத்தில் இதை யாரும் கனவிலும் கண்டிருக்கமாட்டார்கள். அதே ஆய்வு இன்னொன்றும் சொல்லுகிறது: நூற்றுக்கு 44.9 பேறுகள் வயிற்றைக் கீறி நடந்தவை. இவ்வளவும் தேவையாக இருந்திருக்கும் என்று நம்ப எனக்கு இயலவில்லை.

மருத்துவமனைக்கு மாறியதில் நாம் இழந்த பொருள் ஒன்றும் உண்டு. அதுதான் துணை. கதவு சாத்தப்பட்ட அறையில், முன்பின் அறியாதவர்கள் நடுவே, தாயும் சகோதரியும் வெளியே வராந்தாவில் நிற்க, வலிப்படுவது எத்தகையது என்பதைப் பெற்றவர்களைக் கேட்டால் சொல்வார்கள். இதை வெறும் மனவருத்தம் என்று தள்ளவேண்டாம். 17 நாடுகளில் 15,000க்கும் மேற்பட்ட பெண்களை வைத்து நடந்த ஆராய்ச்சிகளைத் திரட்டி 2017-இல் வெளியிட்ட ஓர் அறிக்கை, பேறுமுடிய ஒருவர் இடைவிடாது உடனிருந்தால் வலிநேரம் குறைகிறது, அறுவையும் குறைகிறது என்று காட்டிற்று. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில், உறவுப் பெண் ஒருத்தி உடனிருக்க இடமளிக்கும் திட்டம் 2004ஆம் ஆண்டிலேயே தொடங்கியது. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கர்ப்பிணிகளுக்கு வளைகாப்பு நடத்தி, வளையல் அடுக்கி, பிரசவ அறையையும் காட்டி அனுப்பும் வழக்கமும் வந்தது. பார்ப்பதற்கு எளிய செயல்தான். ஆனால் அஞ்சிக்கொண்டிருந்த கட்டடத்துக்குள் ஒரு பெண்ணை வளையல் ஓசையோடு முதன்முறை நுழையவைத்தவர் நல்ல மனநூல் அறிவு உடையவர் என்பேன்.

வெளிநாடுகளில் துணையைப் போற்றியதில் ஹாலந்துக்கு முதலிடம் தரலாம். 1960களின் நடுவில் அங்கே மூன்றில் இரண்டு குழந்தைகள் வீட்டிலேயே பிறந்தன. இன்று அது மிகவும் குறைந்துவிட்டது. ஆயினும் பிரசவத்துக்குப் பின் தாதி ஒருத்தி எட்டு நாள் அளவுக்கு வீடு தேடிவந்து, தாயையும் சேயையும் கவனித்து, சிறு வீட்டுவேலையும் செய்து, பால் கொடுக்கக் கற்பித்துச் செல்லும் ஏற்பாடு நிலைத்திருக்கிறது. தாதி குனிந்து முதுகு நோகாதிருக்கக் கட்டிலின் கால்களுக்கு அடியில் கட்டைகள் வைத்து உயர்த்துவார்கள். காண வருவோருக்குச் சோம்பு மிட்டாய் தூவிய ரஸ்க் கொடுப்பார்கள். நம் வீடுகளில் சர்க்கரை வழங்குவது நினைவுக்கு வருகிறதல்லவா? ஜப்பானிலோ பேற்றுக்குத் தாய்வீடு செல்லும் வழக்கத்துக்குத் தனிப்பெயரே உண்டு: சாத்தோகாயேரி. தலைப்பிள்ளைக்கு மகளை அழைத்துவரும் நம் தாய்மார் அங்கே போனால் அந்நியமாக உணரமாட்டார்கள்.

வீட்டுப் பேறு ஹாலந்தில் நடக்கிறதே, ஜவ்வாது மலையில் ஏன் கூடாது என்று உங்களில் ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வி. ஹாலந்து மேசைபோல் சமதரையான சிறுநாடு. இடையூறு நேர்ந்தால் 45 நிமிடத்துக்குள் மருத்துவமனை சேரவேண்டும் என்பதை அவர்கள் அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு மலைப்பாதை சுமார் 40 கிலோமீட்டர். அங்கிருந்து உள்ளூர்களுக்கு இன்னும் போகவேண்டும். மழைநாளில் கேட்கவே வேண்டாம். மலைக்குப் பாடம் கற்பிக்கவல்லது இன்னொரு தொலைதூர நாடுதான்.

அது கனடாவின் வடக்கிலுள்ள நுனாவிக் பகுதி. இனூயிட் மக்கள் வாழும் பனிநாடு. ஊருக்கும் ஊருக்கும் சாலை கிடையாது. பழைய நாளில் அவர்களுடைய மூதாட்டிகளே பேறு பார்த்தனர். பின்னர் அரசாங்கம், பாதுகாப்பு வேண்டும் என்று சொல்லி, பேறுகாலம் நெருங்கிய பெண்களை விமானத்தில் ஏற்றி ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தெற்கேயுள்ள நகரங்களுக்கு அனுப்பத் தொடங்கிற்று. எண்ணம் நல்லதுதான். ஆனால் அவர்கள் வாரக்கணக்கில் கணவனும் மற்றக் குழந்தைகளும் இல்லாமல், மொழி தெரியாத இடத்தில் காத்திருந்து, தனியே பெற்றுத் திரும்பவேண்டியிருந்தது. இதை அப்பெண்களே எதிர்த்தார்கள். 1986ஆம் ஆண்டில் ஹட்சன் விரிகுடாக் கரையிலுள்ள புவிர்நிட்டுக் என்ற ஊரில் பேறுநிலையம் ஒன்று திறக்கப்பட்டது. வெளியிலிருந்து வந்த மருத்துவச்சிகளோடு உள்ளூர் இனூயிட் பெண்களும் சேர்ந்து பழகித் தொழில் கற்றார்கள். எந்தப் பேற்றை இங்கேயே பார்க்கலாம், எதைத் தெற்கே அனுப்பவேண்டும் என்பதைக் குழுவாக அமர்ந்து ஆராய்ந்து முடிவு செய்தார்கள். அதன் பின்னர் பெரும்பாலான பெண்கள் தம் மண்ணிலேயே பெற்றார்கள்.

மலைப் பெண்கள் மருத்துவமனையைக் கண்டாலே ஓடுகிறவர்கள் என்று சமவெளியார் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது உண்மையன்று. ஜவ்வாது மலைப் புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி, மலையாளிப் பழங்குடிப் பெண். 2023 நவம்பரில் குழந்தை பெற்ற ஓரிரு நாள்களுக்குள் கணவர் துணையோடு சென்னை வரை பயணம் செய்து உரிமையியல் நீதிபதித் தேர்வை எழுதினார். 2024 பிப்ரவரியில் அவர் தேர்ச்சி பெற்ற செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. பச்சை உடம்புக்காரி அவ்வளவு தொலைவு போகலாமா என்று வைத்தியம் தெரிந்தவர்கள் முகம் சுளிக்கலாம், நானும் பரிந்துரைக்கமாட்டேன். சாலையும் வண்டியும் உடன்வருவாரும் இருந்தால் மலைப்பெண் எவ்வளவு தூரமும் வருவாள் என்பதற்காக அதைச் சொன்னேன்.

பாதை இல்லாத ஊர்களுக்கு உலகம் கண்ட ஒரு வழி, வலி வருமுன்பே கர்ப்பிணியை மருத்துவமனைக்கு அருகில் தங்கவைப்பது. கியூபா நாட்டில் 1962-இல் காமகுவேயில் முதல் தாய்மார் இல்லம் தோன்றிற்று. எத்தியோப்பியாவில் ஆட்டாட் மருத்துவமனையருகே 1976 முதல் இத்தகைய விடுதி நடந்து வருகிறது. தமிழ்நாட்டு மலைப்பகுதிகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்கள் சிலவற்றில் பேறுகாலத் தங்கும் அறைகள் கட்டப்பட்டுள்ளன.

கட்டினால் மட்டும் போதுமா? இங்கே ஒரு சின்னக் கணக்கு குறுக்கிடுகிறது. கடைசி மாதவிலக்கு தொடங்கிய நாளிலிருந்து 280 நாள் கூட்டிப் பேறுநாளைக் குறிக்கிறார்கள். ஆனால் குறித்த அதே நாளில் பிறக்கும் குழந்தைகள் இருபதில் ஒன்றுகூட இருக்குமோ என்னவோ. முன்னும் பின்னும் இரண்டு வாரம் தள்ளலாம். அப்படியானால் தங்கும் அறைக்கு வரும் பெண் இரண்டு வாரமோ மூன்று வாரமோ வீட்டை விட்டு வந்திருக்கவேண்டும். மூத்த குழந்தைகளை யார் பார்ப்பார்? ஆட்டை யார் ஓட்டிப்போவார்? சாமை அறுப்புக் காலமானால் கூலி யார் ஈட்டுவார்? மலையில் கர்ப்பிணிகள் கேட்கும் கேள்விகள் இவை. மருத்துவத்தைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் 1987 முதல் நடந்துவரும் மகப்பேறு உதவித் திட்டம், 2018 முதல் 18,000 ரூபாய் அளவுக்குத் தவணை முறையில் தருகிறது. அது தாய்க்கு. துணைக்கு வரும் மாமியாரோ தங்கையோ அந்த மூன்று வாரக் கூலியை இழந்துதான் வரவேண்டும்.

ஆகவே தங்கும் அறைகளைப் பார்வையிடப் போகும் போதெல்லாம் நான் கட்டிலை எண்ணுவதில்லை. பின்கட்டுக்குப் போய், சமைத்துக்கொள்ள அடுப்பு இருக்கிறதா, கூடவந்த குழந்தை படுக்கப் பாய் இருக்கிறதா, இரவில் கழிப்பறைக்குப் போகும் வழியில் விளக்கு எரிகிறதா என்று பார்ப்பேன். இவை இருக்கும் இடங்களில் அறை நிரம்பியிருக்கும். மலையிலிருந்து வந்தவர்கள் சாமைச்சோறு ஆக்கி, பக்கத்துக் கட்டில்காரிக்கும் ஒரு கிண்ணம் கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.